வெயில் நிலங்களின் மின்கணக்கு: பிகானேர் முதல் மரக்காணம் வரை

1896-ல் பிகானேர் சமஸ்தானத்தின் பலானா என்னும் சிற்றூரில் கிணறு வெட்டியவர்கள் பழுப்பு நிலக்கரிப் படுகையைக் கண்டார்கள். 1898-ல் அங்கே சுரங்க வேலை தொடங்கிவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, தென்னார்க்காட்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய துகள்கள் மேலே வந்தன. இரண்டு ஊரிலும் தேடியது தண்ணீர், கிடைத்தது எரிபொருள். தண்ணீருக்கும் கரிக்கும் அன்று விழுந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில் நிலக்கரி தோண்டி மின்சாரம் எடுப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் மெகாவாட்டையும் கோடி ரூபாயையும் எண்ணுகிறார்கள். அந்த நிலத்தின் நீர் என்ன ஆகிறது, வருவாய்ப் பதிவேடு அந்த நிலத்தை என்னவென்று எழுதி வைத்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இதை விழுப்புரம் மாவட்டக் கடலோரத்து மரக்காணத்தின் உப்பளக் கரையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து தென்மேற்கே நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் நெய்வேலி. வடக்கே 20 கிலோமீட்டர் அளவில் செய்யூர். இந்தியாவின் மிகப் பெரிய அனல்மின் திட்டங்களில் ஒன்று வரவிருந்து, வராமல் போன ஊர். ராஜஸ்தானின் பர்சிங்சரில் பாலைவனத்தைத் தோண்டுவதோ நெய்வேலியில் தலைமையகம் வைத்திருக்கும் அதே என்எல்சி நிறுவனம். மணலும் உப்பும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தாலும் இரண்டையும் ஆளும் ஆவணங்கள் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன.

முதலில் எரிபொருளின் இயல்பு. பழுப்பு நிலக்கரி வயதில் இளையது, ஈரம் மிகுந்தது. நெய்வேலிக் கரியின் எடையில் பாதியளவு நீர். ஒரு கிலோ எரித்தால் ஏறத்தாழ 2,600 கிலோகலோரி வெப்பம்தான் தேறும். பாதி தண்ணீராக இருக்கும் சரக்கை ரயிலேற்றி ஆயிரம் கிலோமீட்டர் அனுப்புவது கட்டுப்படியாகாது; குவித்து வைத்தால் தானே தீப்பற்றும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே சுரங்க வாயிலிலேயே மின்நிலையம் கட்ட வேண்டும். இந்தக் காரணங்களால்தான் பாலைவனத்தில் தோண்டினால் பாலைவனத்திலேயே எரிக்க நேர்கிறது. எரிப்பதற்கும் குளிர்விப்பதற்கும் வேண்டிய தண்ணீரையும் அங்கேயே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பர்சிங்சர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிகானேர் மாவட்டத்தில் ஆண்டுக்கு 21 லட்சம் டன் வெட்டும் திறனுள்ள திறந்தவெளிச் சுரங்கம். அதன் பக்கத்திலேயே 125 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள். 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் அவை வணிக உற்பத்திக்கு வந்தன. தண்ணீர் வருவது பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகேயிலிருந்து மணல் வழியே இழுத்துவரப்படும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து. கிராமங்களின் குடிநீருக்கும் கோதுமை வயலுக்கும் என்று வெட்டிய கால்வாய் அது.

எவ்வளவு தண்ணீர் என்பதை நாமே போட்டுப் பார்க்கலாம். பழைய மின்நிலையங்கள் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 3.5 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கக் கூடாது என்று 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு வைத்தது. 250 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் 6,000 மெகாவாட்-மணி. வரம்பின் உச்சத்தில் அதற்கு 21,000 கன மீட்டர், அதாவது 2 கோடியே 10 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் பார்த்தால் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒரு நாள் தண்ணீர். நிலையம் எப்போதும் முழுத் திறனில் ஓடுவதில்லை. வரம்புக்குக் குறைவாகவும் செலவாகலாம். ஆனாலும் இந்திய அளவில் ஒரு சிறிய நிலையத்துக்கே கணக்கு இந்த வரிசையில் நிற்கிறது.

பார்மர் மாவட்டத்துக் கிரால் சொல்வது வேறொரு பாடம். மாநில மின் உற்பத்திக் கழகம் அங்கே 125 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கட்டியது. அந்தக் கரியில் கந்தகம் மிக அதிகம். சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்துச் சுழலும் படுகையில் எரித்தால் கந்தகத்தைப் பிடித்துவிடலாம் என்பது தொழில்நுட்பத்தின் வாக்குறுதி. நடைமுறையில் கொதிகலனுக்குள் சாம்பல் கட்டிப்பிடித்து அலகுகள் அடிக்கடி நின்றன. கடைசியில் நிலையமே முடங்கியது. அதே மாவட்டத்தில் கபூர்டி, ஜாலிபா சுரங்கங்களை நம்பி ஜேஎஸ்டபிள்யூ கட்டிய 1,080 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. ஒரே மணலுக்கு அடியில், பக்கத்துப் பக்கத்துப் படுகைகளில், ஒன்று எரிகிறது, மற்றொன்று எரிய மறுக்கிறது. ‘ராஜஸ்தானில் இத்தனை கோடி டன் இருப்பு’ என்று மொத்தமாகச் சொல்லும் எண்ணை வைத்துத் திட்டம் போடக் கூடாது என்பதற்குக் கிரால் போதும்.

இத்தனைக்கும் அந்த மாநிலத்தின் அனல்மின்சாரத்தில் பெரும்பங்கு மணலுக்கு அடியிலிருந்து வருவதில்லை. சூரத்கர், சாப்ரா, காலிசிந்து நிலையங்களுக்கு வேண்டிய கருநிலக்கரி ராஜஸ்தானில் கிடையாது. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் ஆரண்யக் காட்டில் ராஜஸ்தான் அரசுக் கழகத்துக்கு ஒதுக்கிய பர்சா கிழக்கு – கான்டா பாசன் சுரங்கம் 2013 முதல் கரி அனுப்புகிறது. வெட்டித் தரும் ஒப்பந்தம் அதானி குழுமத்திடம். காட்டைக் காக்கக் கேட்டு 2021 அக்டோபரில் அங்குள்ள பழங்குடி மக்கள் ராய்ப்பூர் வரை 300 கிலோமீட்டர் நடந்தார்கள். ஜெய்ப்பூரில் ஒரு குளிர்பதனக் கருவி ஓடுவதற்கு சால் மரக்காடு விலையாகிறது. பாலைவன மாநிலத்தின் மின்கணக்கைப் பாலைவனத்துக்குள்ளேயே போட்டு முடித்துவிட முடியாது.

எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் சிந்து மாகாணத் தார்பார்க்கரில் இதே மணலின் தொடர்ச்சியில் பெரும் பழுப்புக் கரிப் படுகை இருக்கிறது. இரண்டாம் தொகுதிச் சுரங்கமும் 660 மெகாவாட் நிலையமும் 2019-ல் உற்பத்திக்கு வந்தன. கரியைத் தொட வேண்டுமானால் மேலேயுள்ள நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். அந்த நீரோ உப்பு. இறைத்த நீரைத் தேக்கக் கோரானோ என்ற ஊரின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கிணறுகளும் மேய்ச்சல் நிலமும் கெட்டுவிடும் என்று ஊர்மக்கள் 2016 முதல் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அமெரிக்காவிலும் இதே முடிச்சுதான். அங்கே அரிசோனாவில், நவாஹோ, ஹோப்பி மக்களின் வறண்ட மேட்டுநிலமான பிளாக் மேசாவில், கரியைப் பொடியாக்கி நல்ல நிலத்தடி நீரில் கலந்து 439 கிலோமீட்டர் குழாய் வழியே மோஹாவே மின்நிலையத்துக்குத் தள்ளினார்கள். ஊற்றுகள் வற்றுவதாக ஹோப்பி மக்கள் பல்லாண்டு முறையிட்டார்கள். 2005-ல் நிலையம் மூடப்பட்ட பிறகுதான் அந்த இறைப்பு நின்றது.

இனி நெய்வேலி. பாலைவனத்தில் இல்லாத வெள்ளத்தைக் கொண்டுவர வேண்டும். இங்கே இருக்கிற வெள்ளத்தை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். கடலூர் மணற்கல் படுகையில், கரிக்கு அடியில் ஒரு மாபெரும் அழுத்த நீர்த்தேக்கம் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அழுத்தத்தில் அது மேல்நோக்கித் தள்ளுகிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து நீர் பொங்கும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடியிலிருந்து தள்ளும் நீரை அடக்கியது இந்தியப் பொறியியலின் பெரும் சாதனை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்து, 2020-ல் ஓய்வு பெறும்வரை தமிழகத்துக்கு ஒளி தந்தது.

அந்தச் சாதனையின் விலையைச் சுற்றுவட்டாரக் கிணறுகள் கொடுத்தன. குழாய் இறக்கினால் தானே பொங்கி வழிந்த ஊற்று நீரைக் கடலூர் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே ஊர்களில் இப்போது பல நூறு அடி இறக்கி மோட்டார் வைக்கிறார்கள். இறைத்த நீர் முழுவதும் வீணாகவில்லை. வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சுரங்க நீர் போய்ப் பாசனமாகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிலத்தடியில் ஊர் ஊராகப் பரவியிருந்த நீர் ஒரு நிறுவனத்தின் குழாய் வழியே வரும் நீராக மாறியபோது, அதைப் பங்கிடும் அதிகாரமும் கைமாறிவிட்டது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர்விடும் பருவத்து நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். சாகுபடி செய்ய விட்டுவிட்டு அறுவடைக்குச் சில வாரம் முன் அழிப்பதா என்று கேட்டார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு மூன்றாண்டு முன், 2020 மே மாதத்திலும் ஜூலையிலும், இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் நிரந்தர வேலைக்காகக் கேட்டுக்கொண்டே இருப்பதும், ஒப்பந்தக் கூலிகளாகவே வயதாவதும் நெய்வேலியின் நீண்ட கதை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கடற்கரைக்கு வருவோம். செய்யூரில் 4,000 மெகாவாட் மீப்பெரு அனல்மின் திட்டம் வரும் என்றார்கள். கரி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதற்குப் பனையூர்க் குப்பங்களின் கரையில் தனித் துறைமுகம். அங்கிருந்து நிலையம் வரை கரியை ஏற்றிவரும் பட்டை. 2013-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. மணல்மேடுகளும் ஏரிகளும் கழிமுகமும் ஆய்வறிக்கையில் சரியாகக் காட்டப்படவில்லை என்று எதிர்ப்பாளர்கள் பசுமைத் தீர்ப்பாயம் சென்றார்கள். ஆனால் திட்டத்தை நிறுத்தியது சூழல் அக்கறை என்று சொன்னால் அது உண்மையாகாது. ஏலத்தின் நிபந்தனைகள் பிடிக்காமல் தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. களத்தில் அரசு நிறுவனங்கள் மட்டுமே எஞ்சியதால் 2015 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது.

தனியார் நிறுவனங்கள் ஏன் அஞ்சின என்பதற்கு விடை குஜராத்தின் கட்ச் கரையில் இருக்கிறது. உப்பளமும் மீன்பிடியும் கலந்த வறண்ட கரையில், முந்த்ராவில், டாடா நிறுவனம் இதே அளவில் 4,000 மெகாவாட் நிலையம் கட்டியது. மலிவான இந்தோனேசியக் கரியை நம்பி குறைந்த விலைக்கு மின்சாரம் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஏற்றுமதிக் கரிக்குச் சந்தை விலை வேண்டும் என்று இந்தோனேசியா விதியை மாற்றியதும் கணக்கு தலைகீழானது. அங்குள்ள மீனவர்கள் சொன்ன கணக்கு வேறு: வெந்நீர் கலந்த கடலில் மீன் விலகிப்போகிறது, காயப்போட்ட மீனில் கரித்தூள் படிகிறது. திட்டத்துக்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் அமைப்பை அவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். அந்த அமைப்புக்கு முழுமையான சட்ட விலக்கு கிடையாது என்று 2019 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு மட்டும் கைக்கு வரவில்லை. வழக்கு கீழ்நீதிமன்றங்களில் பிறகு தள்ளுபடியாயிற்று.

செய்யூர்த் திட்டம் வந்திருந்தால் மரக்காணத்துக்கு என்ன ஆகியிருக்கும்? இதற்கு உப்பு எப்படி விளைகிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரியும் இந்த அளத்தில் தை, மாசியில் வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்து போட்ட வண்டலை வாரி, தரையை மிதித்து இறுக்கி, வரப்புக் கட்டுவார்கள். உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் நிறுத்தி, வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்புவார்கள். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்புகள். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியானால்தான் சோற்றுப்பு படியத் தொடங்கும். வழியிலேயே ஜிப்சம் தனியாக அடியில் தங்கிவிடும். திரவ அடர்த்திமானியில் 25 டிகிரி காட்டும்போது உப்பு பூக்கிறது. 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியக் கசப்பு ஏறிவிடும். அதற்குள் அந்த நீரை வடித்துவிட வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பலகை கட்டிய கோலால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரம் குவிப்பார்கள். கண் கூசும் வெள்ளைத் தரையில், வெடித்த பாதங்களோடு நடக்கும் வேலை.

இதில் எந்தக் கட்டத்திலும் திறந்த பாத்திக்கு மூடி கிடையாது. காற்றில் வருவது எல்லாம் பாத்தியில்தான் விழும். உப்புக்கு விலை அதன் வெண்மையில் இருக்கிறது. சாம்பல் படிந்த பாத்தி வியாபாரியிடம் விலைபோகாது. கற்பனையாக இதைச் சொல்லவில்லை. வடசென்னையில் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளங்களும் அலையாத்திகளும் இருந்த எண்ணூர்க் கழிவெளியைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன. சாம்பல் குழாய்கள் உடைந்து ஓடை சாம்பல் சேறாயிற்று. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்த குப்பங்கள் தொழிலிழந்தன. மரக்காணத்துப் பக்கிங்காம் கால்வாயும் எடையன்திட்டுக் கழிமுகமும் கழுவேலி ஏரியும் ஒரே நீர்த்தொகுதி. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உவர்நீர் என்று மாறி மாறி மூச்சுவிடும் இந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரு முனையில் சாம்பல் விழுந்தால் மறுமுனைக்குப் போய்ச் சேர அங்கே தடுப்பு எதுவும் இல்லை.

கரிக்கு மாற்றாக வெயிலையே மின்சாரமாக்கலாமே என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். ஜோத்பூர் பக்கம் பட்லாவில் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் சூரியப் பூங்கா நிற்கிறது. பர்சிங்சரிலேயே என்எல்சி 300 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை எடுத்திருக்கிறது. தண்ணீர் அதிகம் கேட்காத, சாம்பல் விடாத மின்சாரம். நான் அதன் பக்கம்தான். ஆனால் நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பழைய பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஜெய்சல்மேரில் ‘ஓரண்’ எனப்படும் கோயில் காடுகள் நூற்றாண்டுகளாக ஒட்டகமும் ஆடும் மேய்ந்த பொதுநிலம். பதிவேட்டில் அவற்றில் பல அரசுத் தரிசு. அந்த வழியே மின்கம்பிகள் போனபோது அழிவின் விளிம்பிலிருக்கும் கானமயில் கம்பியில் மோதிச் செத்தது. 2021-ல் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. பிகானேரில் வன்னி மரங்களைச் சூரியத் தகடுகளுக்காக வெட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். பயிர் இல்லை என்றால் நிலம் காலி என்று படிக்கும் கண், கரியோடு போய்விடவில்லை.

இதே கண் உப்பளத்தையும் பார்க்கும். உப்பளம் நாட்டின் மிகப் பழைய சூரிய ஆற்றல் தொழில். நீரை ஆவியாக்க வெயிலும் காற்றும் தவிர வேறு எரிபொருள் அதற்கு இல்லை. சமமான தரை, மரமற்ற வெளி, ஒரே துறையின் கையில் பெரும்பரப்பு: தகடு பதிக்க வருகிறவர் விரும்பும் எல்லாம் இங்கே இருக்கின்றன. ஏற்கெனவே 2019-ல் மரக்காணம் தொடங்கிக் கடலூர், நாகை வரை வேதாந்தாவுக்கும் ஓஎன்ஜிசிக்கும் எண்ணெய்க் கிணறுகள் என்ற செய்தி வந்தபோது, ஜூன் 23 அன்று மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை 596 கிலோமீட்டர் மனிதச் சங்கிலிக்கு மக்கள் திரண்டார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023-ல் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி பழுப்புக் கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலிலிருந்து எடுத்ததற்கும் அந்த எதிர்ப்பே வலு. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியாக நின்ற மரக்காணம் அந்த மண்டலத்துக்குள் இல்லை. விழுப்புரம் மாவட்டம் முழுவதும் வெளியே நிற்கிறது.

வேறு சட்டத்தில் இடம் கிடைக்குமா என்றால் அங்கும் கதவு சாத்தியிருக்கிறது. 2017-ன் ஈரநில விதிகள் உப்பு உற்பத்திக்காக உருவாக்கிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. மாவட்டமே வெளியே நிற்பதால் வேளாண் மண்டலம் இல்லை. மனிதர் கட்டிய பாத்தி என்பதால் ஈரநிலம் இல்லை. பறவைகள் சரணாலயத்தின் எல்லையோ கழுவேலியோடு நிற்கிறது. நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறையுடையது, உழைப்பவர்களுக்குக் குத்தகை மட்டுமே. மும்பையில் 2024 செப்டம்பரில் தாராவி மறுகுடியமர்த்தலுக்காக ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உப்பள நிலம் எவ்வளவு எளிதில் கைமாறும் என்பதற்கு அதுவே சான்று.

மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் தமிழக அரசு, அவர் தொழில் செய்யும் தரைக்கும் ஒரு சட்டப் பெயர் தர முடியும். 2020 சட்டத்தின் மாதிரியில், மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி அளங்களுக்கென்று தனி மண்டலம் வரட்டும். சுற்றுவட்டாரத்தில் எந்த மின்திட்டம் வந்தாலும், எரிபொருள் கரியானாலும் வெயிலானாலும், அனுமதி கேட்கும் அறிக்கையில் பாத்தியின் உவர்நீரும் பக்கத்து ஊர்க் கிணற்றின் நீர்மட்டமும் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் அளந்து இடம்பெறட்டும். பொதுக் கருத்துக்கேட்பு கூட்டத்தை உப்பு வாரும் பருவத்தில் காலை வேளையில் வைக்காமல், அளத்தில் வேலை இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் வைக்கட்டும். அப்போதுதான் பாத்தியில் நிற்கிறவர்கள் வந்து பேச முடியும்.